வெள்ளைப் பக்கமும் ஒரு பழைய பாக்கியும்

பி.காம். படிக்கும் எனக்கு எக்ஸ்எம்எல் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கும் போன மாதம் வரை அந்தச் சந்தேகம் இருந்தது :-)

பெரியம்மா வீட்டுக்கு ஒருவர் வந்திருந்தார். பெரியப்பா ஹார்டுவேர் கடை நடத்திய காலத்தில் கடனுக்குச் சாமான் வாங்கியவராம். "அண்ணன் போயிட்டார், ஆனா பாக்கி பாக்கிதானே. எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்கம்மா" என்றார். பெரியம்மா ஒரு பழைய சிடியை என்னிடம் கொடுத்தார். 2000ல் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது ஒருவர் எழுதிக் கொடுத்த கணக்கு அதில் இருந்தது. ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, ஒரு எக்ஸ்எஸ்எல் கோப்பு. குரோமில் திறந்தேன். வெறும் வெள்ளைப் பக்கம்!

நம் பாடத்தை வைத்தே சொல்கிறேன். எக்ஸ்எம்எல் கோப்பு என்பது பேரேடு. எக்ஸ்எஸ்எல் என்பது அந்தப் பேரேட்டிலிருந்து அறிக்கை தயாரிக்கும் விதிகள். பிரவுசர் இரண்டையும் படித்து, விதிப்படி அட்டவணை போட்டுக் காட்டும். இந்த வேலைக்கான மொழிதான் எக்ஸ்எஸ்எல்டி.

வெள்ளைப் பக்கத்துக்குக் காரணம் பாதுகாப்பு. நம் கணினியில் உள்ள ஒரு கோப்பு பக்கத்துக் கோப்பைத் தன்னிச்சையாகப் படிக்கக் கூடாது என்று குரோம் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸும் 2019ல் வந்த 68ஆம் பதிப்பிலிருந்து அப்படித்தான். கணினியிலேயே ஒரு சின்ன வெப் சர்வரை ஓட்டி, அதன் வழியாகத் திறந்தால் இந்தத் தடை விலகும். செய்தேன். ஃபயர்ஃபாக்ஸில் இப்போது வேறு பிழை. ஸ்டைல்ஷீட்டைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்றது. கோப்பில் எழுத்துப்பிழை ஏதும் இல்லை. பிறகு ஏன்? இங்கேதான் வரலாறு வருகிறது.

எக்ஸ்எம்எல் 1.0 தரத்தை டபிள்யூ3சி அமைப்பு 1998 பிப்ரவரியில் வெளியிட்டது. அதைத் தொகுத்தவர்களில் ஒருவரான ழான் பாவ்லி மைக்ரோசாஃப்டில் இருந்தவர். அந்த நிறுவனம் இதில் முந்திக்கொண்டதில் ஆச்சரியமில்லை. 1999 மார்ச்சில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 வந்தபோது எக்ஸ்எஸ்எல்லும் கூடவே வந்துவிட்டது. ஆனால் எக்ஸ்எஸ்எல்டி 1.0 தரம் ஜேம்ஸ் கிளார்க்கின் தொகுப்பில் இறுதியானது 1999 நவம்பர் 16ல்தான். எட்டு மாத இடைவெளி! எக்ஸ்ப்ளோரர் 5 நம்பியிருந்தது 1998 டிசம்பர் வரைவை. தணிக்கை முடியாத கணக்கை அச்சடித்து விநியோகித்த மாதிரி.

அந்த எட்டு மாதத்தில் நிறைய மாறிவிட்டது. ஒவ்வொரு ஸ்டைல்ஷீட்டும் தலையில் ஒரு முகவரியைப் போட்டுக்கொள்ளும். தான் எந்த மொழி என்று சொல்லும் அடையாளம் அது. வரைவின் முகவரி 'டபிள்யூடி-எக்ஸ்எஸ்எல்' என்று முடியும். இறுதித் தரத்தின் முகவரியில் 1999 என்ற ஆண்டு இருக்கும். இன்றைய பிரவுசர்களுக்குப் பின்னதுதான் தெரியும். பதிப்பு எண் எழுதுவது கட்டாயமானது. வரிசைப்படுத்தும் முறையும் எக்ஸ்ப்ளோரர் 5ல் இருந்ததிலிருந்து வேறுபட்டது.

2001ல் வந்த எக்ஸ்ப்ளோரர் 6 இறுதித் தரத்தை ஏற்றது. ஆனால் பழைய வரைவையும் கைவிடவில்லை. நல்ல மனசுதான். ஆனால் அதனாலேயே பழைய கோப்பு வைத்திருந்த பலருக்குத் தாங்கள் பழைய மொழியில் எழுதியிருப்பதே தெரியாமல் போனது. மொசில்லாவும், பின்னால் வந்த சஃபாரி, குரோமும் இறுதித் தரத்தை மட்டுமே படித்தன. "எக்ஸ்ப்ளோரரில் தெரியுது, ஃபயர்ஃபாக்ஸில் தெரியல" என்ற அந்தக் காலப் புலம்பல்களில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

நானும் முகவரியை மாற்றி, பதிப்பு எண் சேர்த்தேன். அட்டவணை வந்துவிட்டது! வந்தவரின் பெயருக்கு எதிரே 'இப்போதைய பாக்கி' 4,200 ரூபாய். பெரியம்மாவைக் கூப்பிடப் போனேன். அப்போதுதான் கவனித்தேன். பக்கத்தில் 'முந்தைய பாக்கி' என்ற பத்தி எல்லோருக்கும் காலியாக இருந்தது.

நோட்பேடில் எக்ஸ்எம்எல்லைத் திறந்தேன். ஒவ்வொருவருக்கும் 'தொகை' என்ற ஒரே பெயரில் இரண்டு எண்கள். இவருக்கு 4,200, அடுத்து 1,650. எது முந்தையது, எது இப்போதையது என்று பேரேட்டில் இல்லை, ஸ்டைல்ஷீட்டில்தான் இருந்தது. அது முந்தையதற்கு 0 என்றும், இப்போதையதற்கு 1 என்றும் கேட்டது. எக்ஸ்ப்ளோரர் 5 பூஜ்யத்திலிருந்து எண்ணும். இறுதித் தரம் ஒன்றிலிருந்து எண்ணும். அதாவது பழைய மொழியில் 1 என்றால் இரண்டாவது. புதிய மொழியில் 1 என்றால் முதலாவது. சரியான பாக்கி 1,650. நான் சொல்லப் போனது 4,200!

இருப்பாய்வு சமன்பட்டாலே கணக்கு சரி என்று ஆகாது என்று பிளஸ் ஒன்னில் படித்தோமே, ஈடுசெய் பிழை, விதிப் பிழை எல்லாம் உள்ளேயே ஒளிந்திருக்கும் என்று? அதேதான். வெள்ளைப் பக்கமும் பிழைச் செய்தியும் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தன. ஆபத்தானது மூன்றாவதுதான். அது எந்தச் செய்தியும் காட்டவில்லை. ஒரு நல்ல மனிதரிடம் 2,550 ரூபாய் அதிகமாக வாங்க வைத்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எக்ஸ்எஸ்எல்டி 2.0 (2007), 3.0 (2017) எல்லாம் வந்தும் பிரவுசர்கள் 1.0ஐத் தாண்டவே இல்லை. அந்த 1.0 ஆதரவையும் நீக்கப் போவதாக 2025ல் குரோம் அறிவித்தது. பாதுகாப்புதான் காரணம்: பழைய நிரல், பயன்படுத்துவோர் குறைவு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சிடி இருந்தால், அறிக்கையை இப்போதே அச்செடுத்துவிடுங்கள். எடுக்கும் முன் ஒரு வரியையாவது பழைய நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாங்கள் ஒப்பிட்டோம். பெரியப்பா கையெழுத்தில் 1,650 என்றே இருந்தது. பெரியம்மா அந்த எண்ணைத்தான் அவரிடம் சொன்னார்.