தாவடியிலிருந்து நாவற்குடாவுக்கு

நல்ல யாழ்ப்பாணச் சுருட்டின் காரம் நாக்குக்கு வருமுன்பே மூக்கில் ஏறிவிடும். வாயில் வாங்கிய புகையைக் கொஞ்சம் மூக்கு வழியாக விட்டால் மிளகு இடித்த உரல் பக்கமாகப் போனதுபோல் உச்சிவரை சுரீர் என்று இழுக்கும். அது அடங்கும்போது பனங்கட்டியின் கருகலும் நனைந்த மண்ணின் வாசமும் நாக்கில் தங்கும். மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் தாண்டி, காத்தான்குடிக்கு முன்னால், வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற நாவற்குடாவில் இந்தக் காரத்தை எடை பார்த்துச் சொல்லத் தெரிந்த பெத்தப்பாமார் இருந்தார்கள். "இது கீழிலை, சத்தில்லை" என்று ஒரே இழுப்பில் தள்ளிவிடுவார்கள். அவர்கள் சொன்னது சரி. காரம் பெரும்பாலும் மேலிலையில்தான் இருக்கிறது.

ஏன் என்பதற்கு யாழ்ப்பாணத் தோட்டத்துக்குப் போக வேண்டும். தாவடி, கொக்குவில் பக்கத்துச் செம்மண்ணில் மாரி மழை ஓய்கிற நேரம் புகையிலைக் கன்று நடுவார்கள். அதற்கு முன்பே மாட்டெரு, ஆட்டெரு, குழை எல்லாம் மண்ணுக்குள் போயிருக்கும். மழை நின்றபின் சுண்ணக்கல் கிணறுதான் கதி. மோட்டார் வருவதற்கு முந்திய காலத்தில் ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, ஒருவர் கீழே நின்று பட்டையைக் கவிழ்க்க, மூன்றாமவர் வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பிவிடுவார். செடி பூக்க எத்தனிக்கும்போது அதன் தலையைக் கிள்ளி எறிவார்கள். பக்கத்தில் வெடிக்கிற கிளைப்புகளையும் விடமாட்டார்கள். நிக்கொட்டின் உண்டாவது வேரில். அங்கிருந்து இலைக்கு ஏறுகிறது. தலை போன செடி வேரைப் பெருக்கும், பூவுக்கும் விதைக்கும் போக வேண்டிய சத்தை இலையில் சேர்க்கும். வெயிலை நேரே வாங்கும் மேலிலைகள் தடித்து, பிசுபிசுத்து, உறைப்பாகும். நிழலில் கிடந்த அடியிலை மெல்லியதாகவே இருந்துவிடும். விதைக்கவிடாமல் மறித்த செடியின் கோபம் என்றுதான் இந்தக் காரத்தை நான் நினைக்கிறேன்.

வெட்டிய இலை அப்படியே புகைக்க உதவாது. வாட்டி உலர்த்தி, பின் அடுக்கிப் பாடம் போட வேண்டும். அடுக்குக்குள் இலை தானாகவே சூடாகிப் புழுங்கும். கை வைத்துப் பார்த்து, சூடு மிஞ்சுமுன் அடுக்கைப் பிரித்து, உள்ளிருந்ததை வெளியேயும் வெளியிலிருந்ததை உள்ளேயும் மாற்றி மறுபடி அடுக்குவார்கள். பச்சை இலையின் தொண்டை அறுக்கும் நெடி இந்தப் புழுக்கத்தில்தான் போகிறது. அவசரப்பட்டுப் பாடம் குறைத்த இலையில் சுற்றிய சுருட்டு இருமலைத்தான் கொடுக்கும், காரத்தைக் கொடுக்காது. மெல்லுகிற புகையிலையின் வழி வேறு. அதைக் குடிலில் கட்டி, பொச்சுமட்டைப் புகை காட்டிப் பதப்படுத்துவார்கள். அந்த இலை தலைமுறை தலைமுறையாகக் கடல் தாண்டித் திருவிதாங்கூருக்குப் போனது. மலையாளத்து வெற்றிலைத் தட்டை நம்பி யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகள் கல்வீடாயின.

இந்தச் செடி நம் மண்ணுடையது அல்ல. 1492இல் கொலம்பசின் ஆட்கள் கியூபாவில் இலையைச் சுருட்டிப் புகைக்கும் மனிதர்களைக் கண்டார்கள். 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கீசரோடு இங்கே வந்த செடி, 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறிய யாழ்ப்பாணத்தில் பணப்பயிராக நிலைத்தது. அக்கரையில் திருச்சி உறையூர்ச் சுருட்டு இன்னும் பெரிய பேர் எடுத்தது. 1887இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்சின் முதல் கதையில் துப்பறிவாளர் கொலை நடந்த அறையின் சாம்பலைப் பார்த்தே "இது திருச்சிச் சுருட்டு" என்று கண்டுபிடிக்கிறார்.

ஆனால் சுருட்டின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த இடம் கொட்டில்தான். கொக்குவில் பக்கத்துச் சுருட்டுக் கொட்டிலில் ஆட்கள் வரிசையாகத் தரையில் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு பலகை, கத்தி, ஒரு சிரட்டையில் பசை. தண்ணீர் தெளித்து இளக்கிய இலையின் நடு நரம்பைக் கிழித்தெடுத்து, உறைப்பான துண்டுகளை உள்ளே நீளவாக்கில் அடுக்கி, ஓட்டையில்லாத நல்ல இலையை மேலே சாய்வாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். கூலி எண்ணிக்கைக்கு; ஆயிரம் சுற்றினால் இவ்வளவு. உள்ளிலையை இறுக்கிவிட்டால் காற்று இழுபடாது. தளரவிட்டால் வேகமாக எரிந்து வாயைச் சுடும். இந்த அளவு விரல் நுனியில் இருக்கிறது. சொல்லிக் கொடுக்க வராது, இருந்து பழக வேண்டும்.

கை ஓடிக்கொண்டிருக்கும், காது சும்மா இருக்கும். ஒருவர் எழுந்து பத்திரிகையை உரக்க வாசிப்பார். உலக யுத்தச் செய்தி, தேர்தல் செய்தி, வாரப் பத்திரிகையின் தொடர்கதை எல்லாம் கொட்டிலில் அரங்கேறின. பள்ளிக்கூட வாசலைத் தாண்டாத மனிதர் அரசியலை அலசிப் பேசக் கற்றது இங்கேதான். யாழ்ப்பாணத்து இடதுசாரி இயக்கம் வேர்பிடித்த இடங்களில் சுருட்டுத் தொழிலாளர் கூட்டமும் ஒன்று. கியூபாவிலும் 1865 முதல் சுருட்டுப் பட்டறைகளில் கதை வாசிக்க ஆள் வைத்திருந்தார்கள். 'மொண்டே கிறிஸ்டோ' என்ற பேர்பெற்ற சுருட்டின் பெயர், அப்படி வாசிக்கக் கேட்ட நாவலிலிருந்து வந்தது. ஹவானாவுக்கும் கொக்குவிலுக்கும் ஒரு கடிதப் போக்குவரத்துகூட இருந்திராது. சத்தமில்லாத வேலை, நாள் முழுக்க ஒரே இருப்பு; இரண்டு ஊரிலும் மனிதர்கள் தேடியது ஒன்றையே.

கட்டுக் கட்டாகப் பெட்டியில் அடுக்கிய சுருட்டு யாழ்ப்பாணத்து வியாபாரிகளோடு இலங்கை முழுவதும் போனது. சிங்களக் கிராமங்களிலும் அவர்களுடைய சுருட்டுக்கடைகள் இருந்தன. மட்டக்களப்புக்கு 1928இல் ரயில் வந்தது. வடக்கிலிருந்து வருகிற பெட்டி மாகோவில் பாதை மாறி, கல்லோயாச் சந்தி வழியாக இந்தக் கரைக்கு இறங்கும். நேர்வழியில் இவ்வளவு தூரமில்லை, ரயிலில் நாட்டின் நடுவரை போய்த் திரும்ப வேண்டும். 1990இல் உள்நாட்டுப் போரில் யாழ்ப்பாண ரயில் நின்றுபோனது. 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடியது. இடையில் கண்டி வீதி மூடுவதும் திறப்பதுமாக இருந்த வருடங்களில் ஒரு கட்டுச் சுருட்டு இங்கே வந்து சேர்ந்தால் அது விருந்தாளிதான்.

நாவற்குடாவுக்கு வந்ததும் சுருட்டுக்கு இன்னொரு சோதனை. இரண்டு பக்கமும் தண்ணீர். வாடைக்காற்று மழையில் இலை ஈரம் குடித்துப் பொதும்பும், பூஞ்சணம் பிடிக்கும், பற்ற வைத்தால் பாதியில் அணையும். தெரிந்த கடைக்காரர் தகரப் பேணிக்குள் இறுக மூடி வைப்பார். வெயில் கண்ட நாளில் சற்று வெளியே பரப்பி எடுப்பார். காய்ந்துபோனாலும் ஆகாது, மேலே சுற்றிய இலை வெடித்துவிடும். வாங்குகிறவர் சுருட்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் மெல்ல உருட்டுவார். சரசரத்தால் காய்ந்தது, சத்தமே இல்லையென்றால் ஈரம்.

புகைப்பது வாவிக்கரையில், வலை போட்டபின் காத்திருக்கிற நேரத்தில். வாய்ப்புற நுனியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, நெருப்பை நேரே வைக்காமல் சுருட்டைச் சுழற்றிச் சுழற்றி முகப்பு முழுவதும் பிடிக்கவைப்பார்கள். பிறகு அவசரமே கிடையாது. நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். அடிக்கடி இழுத்தால் முகப்பு சூடேறி, காரம் போய்க் கசப்பு வந்துவிடும். முதல் பாகத்தில் இனிப்பும் மண் வாசமும் தூக்கி நிற்கும், நடுவில் மிளகு வரும், கடைசிப் பாகத்தில் தாரும் நிக்கொட்டினும் சேர்ந்து புகை கனக்கும். புகையை நெஞ்சுக்கு இறக்குவதில்லை. சுருட்டுப் புகையில் அமிலத்தன்மை குறைவு, அதனால் நிக்கொட்டின் கன்னத்தின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறிவிடும். வெறும் வயிற்றில் தொட்டவருக்குத் தலை சுற்றும். சோறு தின்றபின் பற்றவைக்க வேண்டும் என்று மூத்தவர்கள் விதித்தது அதனால்தான்.

நெஞ்சுக்கு இறக்காததால் கெடுதியில்லை என்று அவர்கள் நம்பினார்கள். அது பிழை. வாயிலும் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்று வர இந்தப் புகை போதும். சுருட்டைக் காதலோடு எழுதுகிற நான் இதை மறைக்கமாட்டேன். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, நல்ல சட்டம். இளையவர்கள் இதைத் தொடாமல் போவதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த விரல்களின் வித்தையும் வாசித்துக் கேட்ட கொட்டில்களும் எழுதப்படாமல் போவதில்தான் வருத்தம்.

மிச்சச் சுருட்டை யாரும் நசுக்கி அணைப்பதில்லை. நசுக்கினால் உள்ளிலை உடைந்துபோகும். தானாக அணையவிட்டு, இறப்பில் செருகி, மறுநாள் எடுப்பார்கள். குறைச்சுருட்டுக்கு ஒரு பக்குவம் உண்டு. கரிந்த முகப்பைத் தோணி விளிம்பில் தட்டி உதிர்த்தபின், நெருப்பு வைக்குமுன் உள்ளே தங்கிய பழைய புகையை எதிர்ப்பக்கமாக ஊத வேண்டும். அவசரத்தில் நேரே பற்றவைத்து முகம் சுளித்த கூட்டாளியிடம் ஒருவர், "ஊதித் தள்ளிப்போட்டு இழு மச்சான், நேத்தையப் புகை உள்ளுக்குக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, தன்னுடைய சுருட்டைத் தட்டத் தொடங்கினார்.