பட்டை உரியும் பெலாவான் மரம்: வீட்டில் வளர்க்க முடியுமா?

ஜோகூரில் மலையேறப் போயிருக்கிறீர்களா? முகட்டுப் பாதைகளில் ஆரஞ்சும் செம்பழுப்புமாக, வழவழவென்று நிற்கும் ஒரு மரம் கண்ணில் பட்டிருக்கலாம். அடியில் லவங்கப்பட்டையைக் கொட்டி வைத்தது போல, உரிந்த பட்டை சுருள் சுருளாகக் கிடக்கும். அதுதான் பெலாவான். நம்ம கொய்யாவின் சொந்தக்காரர். கொய்யாவும் இப்படிப் பட்டை உரிப்பதைப் பார்த்திருப்பீர்களே!

இது நோயா?

இல்லை. மரம் பருக்கும்போது உள்ளே புதுப்பட்டை உருவாகிறது. பல மரங்களில் பழைய பட்டை வெடித்து அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். பெலாவான் அதைக் கழற்றிப் போட்டுவிடும், அவ்வளவுதான். அழகா இருக்குதேன்னு நீங்களே கையால் உரிக்காதீங்க. அடியில் இருப்பது உயிருள்ள பட்டை. அதில் காயம் பட்டால் பூஞ்சை நுழையும்.

மலை மரம் ஜோகூர் பாருவில் வளருமா?

வளரும். குளிர் தேடும் மரம் இல்லை இது. கடலோரம் தொடங்கி மலை முகடு வரை இயற்கையாகவே இருக்கிறது. சிங்கப்பூரில் சாலையோரங்களிலும் நட்டிருக்கிறார்கள். சத்தில்லாத மணல் மண்ணைக்கூடச் சமாளிக்கும். நல்ல வெயில் வேணும், வேரடியில் தண்ணீர் தேங்கக் கூடாது.

ஆனால் வளர்ச்சி ரொம்ப மெதுவு. அந்த ஆரஞ்சு நிறத் தண்டுக்குப் பல வருடம் காத்திருக்கணும். காட்டில் 30 மீட்டர் வரை உயரக்கூடிய மரம் என்பதால், தாமான் டெரஸ் வீட்டுச் சுவரோரம் நடுவது சரிப்படாது. இடம் இல்லையென்றால் தொட்டியில் வைத்துக் கவாத்து செய்யலாம்.

கன்றுக்கு எங்கே போவது?

நர்சரியில் பெயர் சொல்லிக் கேளுங்கள். மலையிலிருந்து பிடுங்கி வரும் யோசனை மட்டும் வேண்டாம். 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் அங்கிருந்து செடி எடுக்கக் கூடாது.

பிடுங்கினாலும் பிழைப்பது சந்தேகம்தான். பெலாவான் வேர்கள் மண்ணிலுள்ள பூஞ்சைகளோடு சேர்ந்து வாழ்கின்றன. இந்தோனேசியாவின் பங்கா தீவில் இம்மரத்தடியில் முளைக்கும் சிவப்புக் காளான் நல்ல விலைக்குப் போவது அந்தக் கூட்டணியால்தான். வேரைப் பிய்த்தால் அதுவும் அறுந்துவிடும்.

காய் முற்றிக் காய்ந்ததும் வெடித்து, இறகு போன்ற மெல்லிய விதைகளைக் காற்றில் விடும். தெரிந்தவர் வீட்டில் மரம் இருந்தால், வெடிப்பதற்குச் சற்று முன் காய்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஈர மணலின் மேல் தூவினால் போதும், ஆழமாகப் புதைக்க வேண்டாம்.