நேற்று மிஞ்சின பாண்

பிரெஞ்ச் டோஸ்ட் என்றதும் கோப்பிக் கடை மெனுவும் இன்ஸ்டகிராம் படமும்தான் ஞாபகம் வரும். உடப்பில் ஒரு வீட்டுக் குசினியில் காலைச் சாப்பாட்டுக்கு அதைச் செய்ய நேற்று மிஞ்சின பாண், ரெண்டு முட்டை, கொஞ்சம் பால்மா, சீனி இருந்தால் போதும். இதில் அந்தப் பாணுக்குத்தான் பெரிய கதை இருக்கு.

முதலில் பேரைப் பார்ப்போம். இலங்கையில் பலர் இதை பம்பாய் டோஸ்ட் என்பார்கள். பிரெஞ்சுக்காரர் வைத்த பேருக்கு 'இழந்த பாண்' என்று அர்த்தம். ஜெர்மன்காரருக்கு இது 'ஏழை வீரர்கள்'. போர்த்துக்கேயர் நத்தாருக்கு 'றபனாடாஸ்' என்று செய்வார்கள். ரோமர் காலத்துச் சமையல் நூலான அப்பீசியஸிலேயே பாணைப் பாலில் ஊறவைத்து, எண்ணெயில் பொரித்து, தேன் ஊற்றும் குறிப்பு இருக்கிறது. பிரான்ஸ் என்று ஒரு நாடு உருவாக முதலே இந்தப் பண்டம் இருந்திருக்கிறது. காய்ந்த பாணை எறிய மனசு வராத வீடுகள்தான் இதைக் காப்பாற்றி வந்திருக்கின்றன.

எங்களுக்குப் பாண் வந்தது கடல் வழியாக. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அது. மேசை, யன்னல், அலுமாரி எல்லாம் அதே கப்பலில் வந்தவைதான். சிங்களத்திலும் பாண்தான்.

ஆனால் சொல் வந்த உடனே சாப்பாடு மாறிவிடவில்லை. கோதுமை இங்கே விளையாது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா பங்கீட்டில் வந்தது. யுத்தம் முடிந்தும் பழக்கம் போகவில்லை. 1980இல் திருகோணமலை சீனக்குடாவில் பிறீமா மா ஆலை ஓடத் தொடங்கியது. 1994 தேர்தலில் 3 ரூபா 50 சதத்துக்கு ஒரு இறாத்தல் பாண் என்பதே பெரிய வாக்குறுதி. 2022 நெருக்கடியில் மாவும் முட்டையும் விலை ஏற, காஸ் இல்லாமல் பேக்கரிகள் மூடப்பட்டன.

இது உடப்பு மாதிரி ஊருக்கு ஏன் முக்கியம்? விடியக் கரைவலைக்குப் போற வீட்டில் இடியப்பம் பிழியவும் புட்டு அவிக்கவும் ஒருத்தர் இன்னும் முந்தி எழும்ப வேணும். அது அநேகமாக அம்மாதான். பாண் அந்த நித்திரையில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தது. பதிலுக்கு, வீட்டுக் காலைச் சாப்பாட்டை டொலரோடும் கப்பலோடும் கட்டிப்போட்டது. கடலில் மீன் பட்டாலும் படாவிட்டாலும் மா விலை வேறெங்கோ தீர்மானிக்கப்படுகிறது. அப்படி வாங்கின பாணில் ரெண்டு துண்டைக்கூட வீணாக்க முடியாது.

செய்முறைக்கும் பழைய பாண்தான் நல்லது. புதுப் பாண் ஊறினதும் பிய்ந்துபோகும். ஒரு நாள் காய்ந்தது பாலை உறிஞ்சியும் உடையாமல் நிற்கும். ரெண்டு முட்டை, அரைக் கோப்பை பால், சீனி, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். அடித்துத் தோய்த்து, மெல்லிய நெருப்பில் ரெண்டு பக்கமும் பொன்னிறமாக எடுங்கள். நெருப்புக் கூடினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும்.

ஆடியில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்து விரதம் பிடிக்கிற வீடென்றால் முட்டையை விட்டுவிடலாம். பாலும் நெய்யும் போதும். அப்பீசியஸ் குறிப்பிலும் முட்டை கிடையாது.