மட்டாஞ்சேரி வீடுகளுக்கு மார்ஃபின் வந்த வழி

புற்று முற்றிய முதியவருக்கு வைத்தியத்தைத் தொடர்வதா, வலியைத் தணித்து வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா என்ற கேள்வி கொச்சிக்குப் புதிதல்ல. ஆயுர்வேத நூல்கள் நோய்களைத் தீர்பவை, தீராவிட்டாலும் மருந்தால் தாங்கிப்பிடிக்கக் கூடியவை, கைவிடத்தக்கவை என்று வகைப்படுத்தின. கைவிடத்தக்க நோயில் கைவைக்கும் வைத்தியனுக்குப் பொருளும் பெயரும் போகும் என்று சரக சம்ஹிதை எச்சரிக்கிறது. எதை விட வேண்டும் என்று தெரிவதும் வைத்தியத் திறமையாகவே எண்ணப்பட்டது. 1675-இல் டச்சு மலபார் தளபதி வான் ரீடின் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ நூலுக்கு உதவிய ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணி வைத்தியர்களும் கொச்சியில் நற்சான்று எழுதிக் கொடுத்தார்கள். 12 தொகுதிகளும் 742 தாவரங்களும் கொண்ட மலபார்த் தாவர நூல் அது. இத்தனை மருந்துச் செல்வம் இருந்த ஊரிலும் வைத்தியர் கைவிரித்த பிறகு நோயாளி வீட்டுப் பெண்களின் பொறுப்பு. அந்தப் பெண்கள் செய்ததை எந்த நூலும் குறித்துவைக்கவில்லை.

20-ஆம் நூற்றாண்டின் மருத்துவமனைகளில் அந்த நடு வகை, அதாவது தீராத நோயைத் தாங்கிப்பிடிப்பது, ஏறத்தாழ மறைந்தே போனது. அறுவை, கதிர்வீச்சு, கீமோ. இவை முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் 1981-இல் அமைந்தது. கொச்சியின் மட்டாஞ்சேரியிலிருந்து அது சுமார் 200 கிலோமீட்டர். எழுபது வயதுக்காரரை அழைத்துப்போய், துணைக்கு ஒருவர் வேலையை விட்டு அங்கேயே தங்கி, வாரக்கணக்கில் கதிர்வீச்சு கொடுப்பதென்றால், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுமை தூக்கிப் பிழைக்கும் குடும்பம் நோயை மட்டும் எடைபோட்டு முடிவெடுக்க முடியாது.

இதில் சட்டமும் குறுக்கே வந்தது. 1985-இல் நாடாளுமன்றம் இயற்றிய போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ், வலி தணிக்கும் மார்ஃபின் வாங்க, வைக்க, கொண்டுசெல்ல மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி உரிமங்கள் தேவைப்பட்டன. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். மருத்துவமனைகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. 1997-இல் நாடு முழுவதும் பயன்படுத்திய மார்ஃபின் வெறும் 18 கிலோ. உலகுக்கே அபினி விளைவித்துக் கொடுத்த நாட்டின் கணக்கு இது! இத்தனைக்கும், புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபின் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வழிகாட்டியிருந்தது. ஆக, சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுப்பவர் வலியையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முடிவு தெரிந்த பிறகும் பிள்ளைகள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததற்குப் பாசமும் ஊர்ப்பேச்சும் மட்டும் காரணமல்ல.

மாற்றம் கோழிக்கோட்டில் தொடங்கியது. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால், புற்றுநோயாளியான ஓர் ஆசிரியருக்கு நரம்புத் தடை ஊசி போட்டு வலியை முழுதாக நீக்கினார். இனி வரத் தேவையில்லை என்று சொன்னபோதுதான், தனக்கு நடந்தது வலிக்கான சிகிச்சை, நோய் அப்படியே இருக்கிறது என்பது அந்த ஆசிரியருக்குப் புரிந்தது. வீடு திரும்பியவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வலி நீங்கினால் போதாது என்று தமக்குக் கற்பித்தது இந்தச் சாவுதான் என்று ராஜகோபால் பலமுறை சொல்லியிருக்கிறார். 1993-இல் அவரும் சுரேஷ் குமார் உள்ளிட்ட நண்பர்களும் வலி மற்றும் ஆதரவுப் பராமரிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

மும்பையில் 1986-இல் திறந்த சாந்தி அவேத்னா சதன் போல, இறக்கும் நிலையில் இருப்பவர்களுக்குத் தனி இல்லம் கட்டுவது ஒரு வழி. கேரளம் அதை விட்டு வீட்டைத் தேர்ந்தது. மலப்புரத்தில் கடைக்காரர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் 16 மணி நேரப் பயிற்சி பெற்று அண்டை வீட்டு நோயாளிகளைப் பார்க்கப் போனார்கள். 2008-இல் மாநில அரசு இதைக் கொள்கையாக்கியது. உள்ளாட்சி ஒவ்வொன்றுக்கும் வீடு தேடிச் செல்லும் செவிலியர், அவருக்கு மேலே தாலுகா மருத்துவமனைப் பிரிவு என்பது அதன் ஏற்பாடு. மட்டாஞ்சேரி கொச்சி மாநகராட்சிக்குள் இருப்பதால் இந்த ஏற்பாடு அங்கும் எட்டியது.

செவிலியரின் பையில் பெரிய கருவி எதுவும் இராது. பஞ்சு, கட்டுத்துணி, சிறுநீர்க் குழாய், மார்ஃபின் மாத்திரை. மார்ஃபின் நான்கு மணிக்கொரு முறை. இரவில் எழுப்ப வேண்டாம் என்பதற்காகப் படுக்கும்போது இரட்டை அளவு. மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் அதற்கான மாத்திரையும் கூடவே போகும். வாய்ப்புற்றுப் புண்ணின் நாற்றத்தால் பேரப்பிள்ளைகள் அறைக்குள் வராத வீடுகளில், மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவார்கள். சில நாளில் நாற்றம் குறையும், பிள்ளைகள் கட்டிலருகே வருவார்கள். கீமோ கொடுத்த எந்த மருத்துவமனையும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்காது.

மாறாத வழக்கம் ஒன்று உண்டு. “அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்” என்று மகன் வாசலிலேயே கேட்டுக்கொள்வார். உள்ளே அப்பா, “பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்” என்பார். நோயாளியின் விருப்பம் தெரியாமலேயே குடும்பம் எடை போடுகிறது. சட்டமும் நோயாளியின் குரலுக்கு மெதுவாகத்தான் வழிவிட்டது. வாழ்ந்தது போதும், விருப்பப்படி உயிரை விட அனுமதி வேண்டும் என்று கேட்ட ஓய்வுபெற்ற ஆசிரியரின் மனுவை எர்ணாகுளத்திலுள்ள கேரள உயர் நீதிமன்றம் 2000-இல் தள்ளுபடி செய்தது. அது வேறு கோரிக்கை. ஆனால் தேறும் வாய்ப்பில்லாதபோது உயிர்நீட்டும் கருவிகள் வேண்டாம் என முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-இல் ஏற்றது. அதன் கெடுபிடிகளை 2023 ஜனவரியில் தளர்த்தியது. நோட்டரி அல்லது அரசிதழ் அதிகாரி சான்று இப்போது போதும். இதற்கிடையே 2014-இல், மார்ஃபின் உரிமச் சிக்கலைக் குறைக்க 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் திருத்தப்பட்டது.

சிகிச்சை, வலி தணிப்பு இரண்டில் ஒன்று என்ற கணக்கே தவறு என்பதற்கு வெளிநாட்டுச் சான்றும் உண்டு. 2010-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை, பரவிய நுரையீரல் புற்று கொண்ட 151 பேரிடம் நடத்திய ஆய்வில், சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே வலி தணிப்புப் பராமரிப்பும் பெற்றவர்கள் இடைநிலைக் கணக்கில் 11.6 மாதம் வாழ்ந்தார்கள். சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதம். இவ்வளவுக்கும் முதல் பிரிவினர் கடைசி நாட்களில் கடுஞ்சிகிச்சை பெற்றது குறைவு.

களமசேரியில் 2014-இல் கொச்சி புற்றுநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கிய பிறகு, மட்டாஞ்சேரிக்காரர்கள் அரசுப் புற்றுநோய் மையத்துக்காகத் திருவனந்தபுரம் வரை போக வேண்டியதில்லை. கேரளத்தின் வீடு தேடிச் செல்லும் ஏற்பாட்டைப் போலவே, தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கே வந்து செய்யும் வலி தணிப்புச் சேவை உண்டு.