ஹால், ஜோ
ஜோ ஹால் (1881–1919) தொழில்முறைப் பனி ஹாக்கியின் தொடக்கக் காலத் தடுப்பாட்டக்காரர். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் பிறந்து கனடாவின் மானிடோபாவில் வளர்ந்தவர். பிறந்த ஆண்டை 1882 எனக் குறிக்கும் பதிவுகளும் உண்டு. பிராண்டன், வினிபெக் நகர அணிகளில் ஆடியபின், 1905இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் செப்புச் சுரங்கங்களை அண்டிய ஹௌட்டனின் போர்டேஜ் லேக்ஸ் அணியில் சேர்ந்தார். அவ்வணி இடம்பெற்ற பன்னாட்டு லீக், ஆட்டக்காரர்களுக்கு வெளிப்படையாக ஊதியம் வழங்கிய முதல் லீக் ஆகும். 1907இல் ஸ்டான்லி கோப்பையை வென்ற கெனோரா அணியினருள் அவரையும் சேர்த்து எண்ணுவோர் உளர்; எனினும் அக்கோப்பை ஆட்டங்களில் அவர் களமிறங்கவில்லை என்பர்.

முன்கள வீரராகக் கோல் அடித்துப் பெயர் பெற்றிருந்த ஹால், 1910இல் கியூபெக் அணிக்கு வந்தபின் தடுப்பாட்டத்தில் நிலைத்தார். அணிக்கு எழுவர் ஆடிய அந்நாளில் ‘பாயிண்ட்’, ‘கவர் பாயிண்ட்’ எனப்பட்ட தடுப்பாட்டக்காரர் இருவரும், இன்றுபோல் அருகருகே நில்லாது, கோல்காப்பாளருக்கு முன்னே ஒருவர்பின் ஒருவராக நிற்பது வழக்கம். 1912, 1913 ஆகிய இரு ஆண்டுகளிலும் கியூபெக் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது.

முரட்டு ஆட்டத்தால் ‘பேட் ஜோ’ என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. 1918 ஜனவரியில் டொராண்டோ வீரர் ஆல்ஃப் ஸ்கின்னருடன் மட்டையால் மோதிக்கொண்டதற்காக இருவருமே கைதாயினர். ஆயினும் ஹாலுடன் நெடுங்காலம் ஆடிய ஜோ மலோன், அவரிடம் வன்மம் இருந்ததில்லை என்றும், கொடுக்கும் அடியைப்போலவே வாங்கும் அடியையும் முணுமுணுப்பின்றி ஏற்றவர் என்றும் கூறியிருப்பதைப் பட்டப்பெயருக்கு நிகராகவே வைத்து எண்ணுதல் தகும்.

1917இல் தேசிய ஹாக்கி லீக் தோன்றியபோது கியூபெக் அணி ஆடாமையால், ஹால் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணிக்குச் சென்றார். 1919 மார்ச்சில் அவ்வணி, மேற்குக் கரை லீக்கின் சியாட்டில் மெட்ரோபாலிடன்ஸை எதிர்த்துக் கோப்பைக்காக ஆடியது. மேற்கில் இன்னும் எழுவர் ஆட்டமும் கிழக்கில் அறுவர் ஆட்டமும் வழங்கியமையால் இருவகை விதிகளும் மாறிமாறிப் பின்பற்றப்பட்டன. மார்ச் 26இல் நடந்த நான்காம் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் பின்னும் கோலின்றிச் சமனில் முடிந்தது. மார்ச் 29இல் மூன்று கோல் பின்தங்கியிருந்த மாண்ட்ரியல், கூடுதல் நேரத்தில் 4–3 என வென்றது; அன்று ஹால் காய்ச்சலால் களத்தைவிட்டு வெளியேறினார். இரு தரப்பும் இரண்டிரண்டு வெற்றி பெற்றிருக்க, ஏப்ரல் 1ஆம் நாள் ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது, மாண்ட்ரியல் வீரர் பலரையும் மேலாளர் ஜார்ஜ் கென்னடியையும் இன்ஃப்ளுயன்சா வீழ்த்தியதால் தொடர் நிறுத்தப்பட்டது. கோப்பையை விட்டுக்கொடுக்கக் கென்னடி முன்வந்தும், நோயால் ஆட இயலாதவர்களை வென்றதாகக் கொள்ளச் சியாட்டில் பயிற்சியாளர் பீட் மல்டூன் உடன்படவில்லை. ஏனைய வீரர்கள் தேற, நிமோனியா கண்ட ஹால் ஏப்ரல் 5ஆம் நாள் சியாட்டிலில் உயிர்நீத்தார். அவரது உடல் வான்கூவரில் அடக்கம் செய்யப்பட்டது.

1961இல் ஹாக்கிப் புகழவையில் அவர் சேர்க்கப்பட்டார். 2021இல் சியாட்டில் தேசிய ஹாக்கி லீக்கில் அணி பெற்றதையொட்டி 1919ஆம் ஆண்டுத் தொடர் மீண்டும் பேசப்பட்டது. 1919ஆம் ஆண்டுக்குரிய கோப்பைப் பொறிப்பில் இரு அணிகளின் பெயர்களும், தொடர் முற்றுப்பெறவில்லை என்ற குறிப்பும் உள்ளன.