ஏலாக்குறிச்சி ஏடுகளும் அச்சுரிமையும்

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சி, இத்தாலியரான வீரமாமுனிவர் பணிபுரிந்து, திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகமும் பாடிய ஊர். நூலைப் படியெடுத்து விற்கும் தனியுரிமையை ஆக்கியோனுக்கு அளித்த முதல் ஆங்கிலச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1710-ஆம் ஆண்டிலேயே அவர் இந்தியாவுக்கு வந்தார் என்றாலும், பதிப்புரிமை எனப்படும் அந்தக் கருத்து தமிழ்நாட்டை எட்ட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவரை இங்கே நூலைப் பரப்பும் அதிகாரம் இயற்றியவரிடம் இல்லை. ஏட்டைக் கையில் வைத்திருந்தவர் இரவல் கொடுத்தால் படி பெருகியது, கொடுக்க மறுத்தால் நின்றுபோனது.

அச்சு வந்தபோது ஏட்டுக்காரரின் இடத்தை எழுத்துரு வைத்திருந்தவர் பிடித்துக்கொண்டார். பேச்சுத் தமிழுக்கு முனிவர் லத்தீனில் எழுதிய இலக்கணத்தை 1738-இல் தரங்கம்பாடியில் அச்சிட்டவர்கள், அவர் நூல்கள் எழுதிக் கடுமையாக மறுத்த லுத்தரன் சபையினரே என்பது இவ்வரலாற்றின் சுவையான முரண். சமயப் பகை எவ்வளவு இருந்தாலும், புதிதாக வரும் ஐரோப்பியருக்குத் தமிழ் கற்பிக்க அதைவிடப் பயனுள்ள நூல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை போலும். பின்னர், கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகளைக் கற்பிக்க 1812-இல் நிறுவப்பட்ட சென்னைக் கல்விச் சங்கம், ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரையின் முயற்சியால் முத்துசாமிப் பிள்ளையைக் கொண்டு முனிவரின் சுவடிகளைத் தேடித் திரட்டியது. 1732-இல் இயற்றப்பட்ட சதுரகராதி 1824-இல் சென்னையில் அச்சேறியதும், பரமார்த்த குரு கதை அதற்கு இரண்டாண்டு முன்பே பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் வெளிவந்ததும் இந்த ஆர்வத்தின் விளைவுகளே. எனினும் 3615 பாடல்கள் கொண்ட அவரது காப்பியமான தேம்பாவணி, எழுதி ஏறத்தாழ 125 ஆண்டுகள் ஓலையிலேயே கிடந்து, 1851 முதல் 1853 வரை புதுச்சேரியில்தான் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அதைத் தடுத்தது எவருடைய உரிமையும் அன்று. பாடமாக வைக்கக்கூடிய அகராதிக்கும் இலக்கணத்துக்கும் செலவிட்ட கை, காப்பியத்துக்குத் தாராளமாக நீளவில்லை.

உரிமம் என்ற சொல் அக்காலத்தில் வேறொன்றைக் குறித்தது. அச்சுக்கூடம் நடத்த அரசின் அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாட்டை 1835-இல் மெட்காஃப் சட்டம் நீக்கியது. நூலாசிரியரின் உரிமையைக் காக்கும் கும்பினிச் சட்டம் 1847-இல்தான் பிறந்தது. முனிவர் மறைந்து நூறாண்டு கடந்துவிட்டிருந்ததால் அது அவர் நூல்களைத் தொடவேயில்லை. கணினியில் பாத்திரமேற்று ஆடும் பழைய விளையாட்டுகளின் கதை இதற்கு நேர்மாறானது: அங்கே உரிமை இன்னும் காலாவதியாகாததால், 1981-இல் விசார்ட்ரியை வெளியிட்ட அமெரிக்க நிறுவனம் மூடப்பட்ட பின்னும் அப்பெயரின் உரிமை கைமாறி ஜப்பானுக்குச் சென்றது; ஃபால்அவுட்டின் உரிமை 2007-இல் 57.5 லட்சம் டாலருக்கு விலைபோனது. இவற்றை மறுவெளியீடு செய்ய விரும்புவோர் முதலில் உரிமையாளரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பரமார்த்த குருவை அச்சிட இன்று எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் தேம்பாவணிக்கு ஒருவர் புதிதாக எழுதும் உரை, 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அவர் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் உரிமைக்கு உட்பட்டதாகவே இருக்கும்.