மண்டியிட்ட முதியவரும் மறைந்திருந்த கடலும்

1633ஆம் ஆண்டு, ஜூன் 22. உரோம் நகரத்து மடமொன்றில் 69 வயது முதியவர் மண்டியிட்டிருக்கிறார். எதிரே விசாரணை மன்றத்துக் குருமார்கள். பூமி சுழல்கிறது என்று தாம் எழுதியது பிழை என்று உறுதிமொழி படிக்கிறார். களவாடினாரா? கலகம் விளைத்தாரா? இல்லை தோழர்களே! கண்டதைக் கண்டபடி எழுதினார், அவ்வளவே. அதற்கு, சாகும்வரை வீட்டுச் சிறை!

அந்தக் கலிலியோ, 1610 சனவரி 7 இரவு, பதுவா நகரிலே, தாமே தீட்டிய கண்ணாடி வில்லைகளைக் குழாயில் பொருத்தி வியாழனை நோக்கினார். அருகே மூன்று ஒளிப்புள்ளிகள். சில நாளில் நான்காவதும் தென்பட்டது. இரவுக்கு இரவு இடம் மாறின. வியாழனைச் சுற்றும் நிலவுகள்! அனைத்தும் பூமியையே சுற்றுகின்றன என்ற பழங்கணக்கு ஆட்டங்கண்டது.

அந்நான்கில் ஒன்று யூரோப்பா. நம் நிலவைவிடச் சற்றே சிறியது, பனிப் போர்வை போர்த்தது. 1979இல் வாயேஜர் கலங்கள் அனுப்பிய படங்களில் அதன் மேனியெங்கும் வெடிப்புக் கோடுகள். உள்ளே நீரோ என்ற ஐயம் வலுத்தது. 1989இல் புறப்பட்டது இன்னொரு கலம். பெயர்? கலிலியோ! அது வழியிலிருந்த 1992இல்தான் போப் இரண்டாம் ஜான் பால், அன்றைய நீதிபதிகள் தவறினர் என்று ஒப்புக்கொண்டார். 359 ஆண்டுத் தாமதம்!

1995இல் கலம் வியாழனை அடைந்தது. வியாழன் பெரியதொரு காந்தம். அதன் காந்த அச்சு, சுழலும் அச்சிலிருந்து சுமார் 10 பாகை சாய்ந்திருக்கிறது. ஆதலால் யூரோப்பாவின்மீது படியும் காந்தப்புலம் சுமார் 11 மணிக்கொரு முறை இப்புறமும் அப்புறமும் ஆடுகிறது. மாறும் புலத்திலே மின்கடத்தும் பொருளிருந்தால் அதில் மின்னோட்டம் பிறக்கும். அது எதிர்ப்புலமொன்றை எழுப்பும். பள்ளிப் பிள்ளையும் படிக்கும் பாரடேயின் விதி இது. மார்கரெட் கிவல்சன் அம்மையாரின் குழுவினர், கடலிருந்தால் எதிர்ப்புலம் எத்திசையில் திரும்பும் என்று கணித்தனர். 2000 சனவரியில் கலம் நெருங்கிச் சென்றது. கணித்த திசையிலேயே புலம் திரும்பியிருந்தது! உறைந்த பனி அவ்வளவு மின்னைக் கடத்தாது. உப்பு நீர் கடத்தும். பனிக்கடியில் கடல்; நம் கடல்கள் அனைத்தையும்போல் இருமடங்கு இருக்கலாம் என்பது மதிப்பீடு.

“காணாத கடலை நம்புகிறீரே, நாங்களும் காணாததைத்தானே நம்புகிறோம்” என்று கேலி பேசும் நண்பர் ஒருவர் எனக்குண்டு. புலம் வேறு திசையில் திரும்பியிருந்தால் அக்குழுவினர் கடலைக் கைவிட்டிருப்பர். நண்பரோ எதையும் கைவிடுவதாயில்லை!

செவ்வாயில் ஒருகாலத்தில் ஆறுகள் ஓடின, ஏரிகள் நிறைந்தன. இன்று வறண்ட தடங்களே மிச்சம். நம் கடலுக்கும் கெடு உண்டு. ஞாயிறு மெல்ல மெல்ல ஒளி மிகுந்து வருவதால், சுமார் 100 கோடி ஆண்டுகளில் கடல்கள் ஆவியாகிவிடும் என்று கணக்கிடுகின்றனர். யூரோப்பாவின் கடலோ ஞாயிற்றை நம்பியில்லை. வியாழனின் ஈர்ப்பு அதைப் பிசைந்து பிசைந்து உள்ளே சூடேற்றுகிறது. நம் கடல் வற்றிய பின்னும் அது அலையாடக்கூடும்.

எரிபொருள் தீரும் நிலையில், தன்னில் ஒட்டியிருக்கக்கூடிய நுண்ணுயிர் எதுவும் அக்கடலைக் கெடுத்துவிடலாகாதென்று, 2003 செப்டம்பர் 21இல் கலிலியோ கலத்தை வியாழனுக்குள்ளேயே விழச் செய்தனர். 2024 அக்டோபர் 14இல் யூரோப்பா கிளிப்பர் புறப்பட்டிருக்கிறது. 2030இல் வியாழனை அடைந்து, யூரோப்பாவை ஏறத்தாழ ஐம்பது முறை நெருங்கிச் சென்று, ரேடார் கொண்டு பனியின் தடிப்பை அளக்கும்.